அந்த ஒன்பது வருடம் யாருடைய செலவு?

வாசகி எழுதியது, சுருக்கமாக:

"எனக்கு 47 வயது. மகளுக்கு இரண்டு வயதானபோது, என் 33வது வயதில் வேலையை விட்டேன். பிறகு மாமியார் படுத்த படுக்கையானார்கள். 42 வயதில்தான் திரும்ப வேலைக்குப் போக முடிந்தது. என் கணவருக்கு 53. அவருக்குப் பென்ஷன் உண்டு, பணவிஷயமெல்லாம் அவர்தான் பார்க்கிறார். வேலையை விடும் முன் சேர்த்ததும் இந்த ஐந்து வருடம் சேர்த்ததும் சேர்ந்து என்னிடம் இருப்பது எங்கள் வீட்டுச் செலவில் ஒரு 20 மாதத்துக்கு வரும். எல்லாம் வங்கி டெபாசிட்தான். மாதாமாதம் வீட்டுச் செலவில் 8 சதவீதம் அளவுக்கு இன்னும் போடுகிறேன். இரண்டு வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகிறாள், அதற்கு என் சேமிப்பில் பாதியை எடுக்கலாம், 'என் பென்ஷன் நம் இரண்டு பேருக்கும் போதும், உனக்கு எதற்குத் தனியாக' என்கிறார் கணவர். அவர் நல்லவர். தனியாகச் சேர்க்கிறேன் என்றால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். எனக்குக் கணக்கும் வராது. இவ்வளவு தாமதமாக ஆரம்பித்து ஏதாவது பயன் உண்டா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாமதமாக ஆரம்பித்தது நீங்கள், கணக்கு வராதது உங்களுக்கு, கணவர் மனம் நோகும்படி கேட்டுவிடுவோமோ என்ற பயமும் உங்களுக்கே. எல்லாப் பாரத்தையும் உங்கள் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கிறீர்கள். முதலில் அதை இறக்கி வைத்துவிட்டு எண்களுக்குப் போகலாம். குற்ற உணர்வோடு உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் குறைத்தே எழுதுகிறார்கள், இதை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

33 முதல் 42 வரை நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு குழந்தையை வளர்த்தீர்கள், எழுந்திருக்க முடியாத ஒருவரைப் பார்த்துக்கொண்டீர்கள். இரண்டுக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் உங்கள் கணவரின் வருமானத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கச் சம்பளமில்லாமல் நடக்கும் பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்கள்தான் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் கணக்கிட்டது. 2023ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும் இதே இடத்தில்தான் விரல் வைக்கிறார். ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே வருமானம் பிரியத் தொடங்குவது பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் என்று காட்டியவர் அவர். அதாவது உங்களுக்கு நடந்தது உங்கள் கவனக்குறைவால் நடந்தது இல்லை.

சரி, அந்த ஒன்பது வருடத்தின் விலை எவ்வளவு? உங்கள் குடும்பத்தின் இன்றைய மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு, ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். விலைவாசியை முன்பே கழித்துவிட்டதால் இனி நான் சொல்லும் எல்லா எண்ணும் இன்றைய மதிப்பில் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, மாதத் தவணையையும் விலைவாசியோடு சேர்த்து வருடா வருடம் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இப்போது பாருங்கள். 33 முதல் 42 வரை மாதம் 10 போட்டு அதைத் தொடாமல் விட்டிருந்தால், உங்கள் 62வது வயதில் அது சுமார் 2,250 ஆகியிருக்கும். இன்றிலிருந்து 62 வரை, முழுதாக 15 வருடம், அதே மாதம் 10 போட்டால் சுமார் 2,270 ஆகும். போன ஒன்பது வருடமும் வரப்போகும் பதினைந்து வருடமும் ஏறக்குறைய ஒரே எடை. வட்டிக்கு வட்டி அப்படித்தான் வேலை செய்கிறது, முன்னால் போட்ட பணத்துக்கு வளர அதிக நாள் கிடைக்கிறது.

இதை உங்களைக் கலங்கடிக்கச் சொல்லவில்லை. அந்த இடைவெளி, குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு. அதன் பலன் குடும்பம் முழுவதற்கும் கிடைத்தது. அந்த ஒன்பது வருடமும் உங்கள் கணவர் ஒரு நாள்கூட வேலையை விடாமல் போக முடிந்ததும், அதனால் இன்று அவருக்கு முழுப் பென்ஷன் சேர்ந்துகொண்டிருப்பதும் அந்தப் பலனில் அடக்கம். ஆனால் செலவு மட்டும் உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் குடும்பக் கணக்குக்கு மாற்ற வேண்டும். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

இப்போது 'என் பென்ஷன் இரண்டு பேருக்கும் போதும்' என்ற வார்த்தைக்கு வருவோம். அவர் மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார், நீங்கள் இருவரும் இருக்கும் வரை அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் உங்களுக்கும் அவருக்கும் ஆறு வயது வித்தியாசம். அதற்கு மேல், பிறக்கும்போது கணக்கிடும் ஆயுள் உலக சராசரியில் பெண்களுக்குச் சுமார் 5 வருடம் அதிகம். 60 வயதைத் தாண்டியவர்களிடையே இந்த வித்தியாசம் குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. யாருக்கு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அவர் நூறு வயது இருக்கட்டும். திட்டம் போடும்போது மட்டும் உங்கள் வாழ்க்கையின் கடைசி எட்டு ஒன்பது வருடம் நீங்கள் தனியாக இருப்பீர்கள் என்று வைத்துத்தான் போட வேண்டும்.

தனியாக இருக்கும்போது செலவு பாதியாகாது. பலரும் தவறு செய்வது இங்கேதான். வீடு அதே வீடு, மின்சாரம் ஏறக்குறைய அதே, கூரை ஒழுகினால் ஒருவருக்காகப் பாதி மட்டும் ஒழுகாது. வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களை ஒப்பிட, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு பயன்படுத்தும் ஒரு முறையில், ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுப்பார்கள். இரண்டு பேர் என்றால் 1.41, ஒருவர் என்றால் 1. அப்படிப் பார்த்தால் ஒருவர் மட்டும் அதே வசதியோடு வாழ, இருவருக்கு ஆனதில் 71 சதவீதம் வேண்டும். பென்ஷனோ பல திட்டங்களில் துணைக்குப் பாதிதான், சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் தராத எண்களை நானே வைத்திருக்கிறேன், உண்மையான எண் தெரிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு இருவருக்கும் மாதச் செலவு 90. அவர் பென்ஷன் 60, உங்கள் வேலையிலிருந்து வருவது 10, ஆக 20 குறைகிறது. நீங்கள் மட்டும் என்றாகும்போது செலவு 64க்கு இறங்கும், ஆனால் அந்த வயதில் துணைக்கு ஓர் ஆள், கூடுதல் மருந்து என்று பார்த்து 70 என்று வையுங்கள். வருமானம் 30ம் 10ம் சேர்த்து 40. அப்போது 30 குறைகிறது. நடுவாக மாதம் 25, வருடத்துக்கு 300.

வருடத்துக்கு 300 எடுக்க எவ்வளவு மூலதனம் வேண்டும்? வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994ல் அமெரிக்கச் சந்தையின் பழைய எண்களை வைத்து ஒரு விதியைச் சொன்னார். மூலதனத்தில் பாதியைப் பங்கிலும் பாதியைக் கடன் பத்திரத்திலும் வைத்து, முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால், பணம் 30 வருடம் தாக்குப்பிடித்தது. ஒரு நாட்டின் சரித்திரம் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் குத்துமதிப்பாக ஓர் இலக்கு வைக்க இது போதும். 4 சதவீதம் என்றால் 25 மடங்கு, 300க்கு 7,500.

உங்களிடம் இப்போது இருப்பது 20 மாதச் செலவு, அதாவது 2,000. அது 3 சதவீதத்தில் 15 வருடம் வளர்ந்தால் சுமார் 3,130. மிச்சம் சேர்க்க வேண்டியதற்கு மாதம் 19 போட வேண்டும். நீங்கள் போடுவது 8. நடுவில் 11 இடைவெளி. பயப்படாதீர்கள், இதைக் குறைக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான்.

முதல் வழியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நீங்கள் மாதம் போடும் 8க்குச் சமமாக உங்கள் கணவரும் உங்கள் பெயரில் 8 போட வேண்டும், அந்த ஒன்பது வருடத்தின் தவணையாக. இதை அவர் உங்களுக்குச் செய்யும் உதவியாகப் பேசாதீர்கள். வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் கட்டுவதுபோல, குடும்பம் கட்ட வேண்டிய ஒரு பாக்கியாகப் பேசுங்கள்.

இரண்டாவது, வேலையை விடும் வயது. உங்கள் கணவர் உங்களுக்குப் பல வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிடுவார். அப்போது 'நான் வீட்டில்தானே இருக்கிறேன், நீ ஏன் இன்னும் அலைகிறாய்' என்ற பேச்சு அன்பாகத்தான் வரும், நீங்களும் களைத்திருப்பீர்கள். அந்தச் சமயத்தில் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்: 62க்குப் பதில் 65 வரை வேலை செய்தால், அதே 7,500க்கு மாதம் 19க்குப் பதில் 14 போதும். மூன்று வருடம் கூடுதலாகப் போட்டதால் மட்டும் வந்த குறைவு இல்லை இது. பழைய பணத்துக்கும் இன்னும் மூன்று வருடம் வளரக் கிடைக்கிறது. இந்த 14ல் சேராத லாபமும் உண்டு, எடுக்க ஆரம்பிப்பதும் தள்ளிப்போகிறது, உங்கள் பங்குக்கு வரும் பென்ஷனும் கொஞ்சம் ஏறியிருக்கும். 8ம் 8ம் 16. அதாவது முதல் வழியும் இரண்டாவது வழியும் சேர்ந்தாலே இலக்கைத் தாண்டிவிடுகிறீர்கள். உடம்பு ஒத்துழைக்க வேண்டும், உங்கள் வேலையில் அந்த வயது வரை வைத்துக்கொள்வார்களா என்று பார்க்க வேண்டும். முழு நேரமாக முடியாவிட்டால் பாதி நேரமாவது.

மூன்றாவது, பணம் இருக்கும் இடம். எல்லாவற்றையும் வங்கி டெபாசிட்டில் வைத்திருக்கிறீர்கள், அது பத்திரம் என்ற நம்பிக்கையில். வட்டி 6 சதவீதம், விலைவாசி உயர்வு 5 சதவீதம், வட்டிக்கு வரி வேறு என்றால் உண்மையில் மிஞ்சுவது ஏறக்குறைய பூஜ்யம். 5 சதவீதத்தில் விலைவாசி பதினான்கு பதினைந்து வருடத்தில் இரட்டிப்பாகிவிடும் (72ஐ சதவீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் வருடம் கிடைக்கும், மனக்கணக்குக்கு இது வசதி). வளர்ச்சி பூஜ்யம் என்றால் 7,500ஐத் தொட மாதம் 19 போதாது, சுமார் 31 வேண்டும். பத்திரம் என்று நினைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மாதம் 12 போகிறது. உங்களுக்கு எடுக்க ஆரம்பிக்கவே 15 வருடம் இருக்கிறது, எடுத்து முடிக்க 45 வருடம். ஆகவே இனிமேல் போடும் தவணையில் ஒரு பாதியையாவது, முழுச் சந்தையையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும், கட்டணம் குறைவான ஓர் இன்டெக்ஸ் ஃபண்டில் போட ஆரம்பியுங்கள். பழைய டெபாசிட்டை ஒரே நாளில் மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றும் முதிரும்போது பார்க்கலாம். ஆறு மாதச் செலவுக்கானதை அப்படியே வங்கியில் விட்டுவிடுங்கள், அவசரத்துக்குத் தவிர வேறு எதற்காகவும் அதைத் தொடக் கூடாது. சந்தை சில வருடம் நன்றாக விழும், மூன்றில் ஒரு பங்கு, ஏன் பாதிகூட விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து விற்காமல் இருக்க முடியும் என்ற அளவுக்கு மட்டும் போடுங்கள். ஓய்வுக்கு நான்கைந்து வருடம் முன்பிருந்து, முதல் மூன்று வருடச் செலவுக்கான பணத்தை மெல்ல மெல்லப் பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும், சந்தை விழுந்த வருடத்தில் விற்றுச் சாப்பிடும் நிலை வராமல் இருக்க.

'எனக்குக் கணக்கு வராது' என்றீர்களே. அன்னமரியா லுசார்டியும் வேறு சில ஆய்வாளர்களும் 2021ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் ஆண்களிடமும் பெண்களிடமும் பணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள். 'தெரியாது' என்ற விடை கொடுக்கப்பட்டபோது பெண்கள் ஆண்களைவிட அதிகமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கேள்விகளை, 'தெரியாது' என்ற விடையை எடுத்துவிட்டுக் கேட்டால், பலர் சரியான விடையையே சொன்னார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தெரிந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு தன்னம்பிக்கைக் குறைவால் வந்தது என்பது அவர்கள் முடிவு. இன்னொன்றும் சொல்கிறேன். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் 2001ல் வெளியிட்ட ஆய்வில், 35,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள், அதனாலேயே தங்கள் லாபத்தை அதிகமாக இழந்தார்கள்: ஆண்கள் வருடத்துக்கு 2.65 சதவீதப் புள்ளி, பெண்கள் 1.72. தயங்கித் தயங்கி, அடிக்கடி கை வைக்காமல் இருக்கும் உங்கள் சுபாவம் இந்த வேலைக்கு நல்ல சுபாவம். தவிர, வீட்டுச் செலவில் எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்று எழுதி அனுப்பியவர் நீங்கள்தான். என்னிடம் வரும் பலருக்கு அந்த இரண்டு எண்ணும் தெரிந்திருக்காது.

மகளின் படிப்புக்கு வருவோம், உங்களுக்கு மனம் அதிகமாக இழுப்பது இங்கேதான் என்று தெரியும். சேமிப்பில் பாதியை, அதாவது 1,000ஐ எடுத்தால், மாதம் 19 என்பது 26 ஆகிவிடும். அந்த 26ஐ உங்களால் போட முடியாது. அப்புறம் என்ன நடக்கும்? உங்கள் எண்பதாவது வயதில் பணம் தீரும். அப்போது உங்கள் மகளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, இன்று உங்களுக்கு இருக்கும் அதே வயது. அவள் வேலையைக் குறைத்துக்கொண்டோ விட்டுவிட்டோ உங்களைப் பார்க்க வேண்டிவரும். நீங்கள் 33ல் தொடங்கிய இடைவெளியை அவளுக்கும் கொடுத்ததாகிவிடும். படிப்புக்குக் கடன் வாங்கலாம், உதவித்தொகை தேடலாம், கணவரின் வருமானத்திலிருந்து கொடுக்கலாம், கொஞ்சம் செலவு குறைந்த கல்லூரியையும் பார்க்கலாம். கடன் வாங்கினால் அவள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் நீங்கள் இருவரும் சேர்ந்து அடைக்க உதவுங்கள். உங்கள் சேமிப்பை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கணவரிடம் எப்படிப் பேசுவது என்ற பயத்துக்கு என்னால் முடிந்த பதில் இது. கணவர் இறந்த மூன்றாம் மாதம் ஒரு அம்மா என்னிடம் வந்தார்கள். ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களை மேசையில் கொட்டி, இதில் எது பணம் எது குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுடைய கணவரும் நல்லவர். மனைவிக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று முப்பது வருடம் எல்லாவற்றையும் தானே பார்த்தவர். ஓய்வு பெறும்போது பென்ஷன் படிவத்தில் இரண்டு வழி இருந்திருக்கிறது: தன் ஆயுள் வரைக்கும் மட்டும் என்றால் மாதாமாதம் கொஞ்சம் கூடுதல், தனக்குப் பிறகு மனைவிக்கும் என்றால் கொஞ்சம் குறைவு. கூடுதலாக வருகிறதே என்று முதல் வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரோடு அந்தப் பென்ஷனும் நின்றுவிட்டது. அந்தப் படிவத்தைப் பிறகு மாற்ற முடியாது, இது போன்ற பெரும்பாலான திட்டங்களில் அப்படித்தான். அன்றைக்கு யாராவது அந்தக் காகிதத்தை அவர்கள் இருவர் முன்னாலும் வைத்துப் படித்திருந்தால் போதும் என்று இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் நம்பிக்கையைப் பற்றிய பேச்சாக இதை ஆரம்பிக்காதீர்கள். 'உங்கள் பென்ஷன் காகிதத்தை ஒரு நாள் சேர்ந்து பார்க்கலாமா, எனக்கு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்' என்று கேளுங்கள். பார்க்க வேண்டியவை: அவருக்குப் பிறகு உங்களுக்கு எத்தனை சதவீதம், விலைவாசி ஏறும்போது பென்ஷனும் ஏறுமா, இனிமேல் தேர்ந்தெடுக்க வேண்டிய வழி ஏதாவது பாக்கி இருக்கிறதா. கூடவே, அவர் வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு அவர் ஓய்வு பெற்றதும் உங்களுக்கும் நின்றுவிடுமா என்று கேளுங்கள். நிற்கும் என்றால் உடம்பு நன்றாக இருக்கும் இப்போதே உங்கள் பெயரில் தனியாக ஒன்று எடுங்கள், வயது ஏற ஏற விலை கூடும், நோய் வந்த பிறகு கிடைப்பதே கஷ்டம். வங்கிக் கணக்கு, வீடு, முதலீடு எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன, நாமினி யார், உயில் இருக்கிறதா என்பதையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பல நாடுகளில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும்தான், உரிமை உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ போகும், ஆகவே நாமினி போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். கணவரின் சேமிப்பு எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அதில் எது இருந்தாலும் நான் சொன்ன 7,500ஐக் குறைக்கத்தான் போகிறது, கூட்டாது. அப்புறம் மேலே நான் சொன்ன கணக்கை அவருக்கு முன்னால் அவர் கையாலேயே போட வையுங்கள். கணக்கு வழக்கில் பழகியவர் என்கிறீர்கள், 60 பாதியாகி 30 ஆகும் இடத்தில் தானாகவே நிற்பார்.

காகிதங்கள் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். நான் 60, 30, 10 என்று வைத்திருக்கும் இடங்களில் உங்கள் வீட்டு எண்களைப் போட்டு, இந்த 19ஐத் திரும்பக் கணக்கிட்டுத் தருகிறேன்.